உப்புத்தண்ணி யாருக்கு?

நண்டு: "இந்த வயசுல உனக்கு என்னம்மா மூட்டுவலி, யார்கிட்டயாவது கடன் வாங்கினியா?" இப்படித்தான்டி கேட்டாரு அந்தக் கண்டக்டர்.

தவளை: பஸ்ஸு முழுக்கக் கேக்குற மாதிரியா?

நண்டு: டிரைவரே திரும்பிப் பார்த்தாரு.

தவளை: நீ என்ன சொன்ன?

நண்டு: ஒண்ணும் சொல்லல. அடுத்த ஸ்டாப்புல இறங்கிட்டேன்.

தவளை: ஆஸ்பத்திரி வர்றதுக்கு முன்னாடியேவா?

நண்டு: ம்... மீதியை நடந்தேன். அது எப்பவோ, இந்த மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி. இன்னிக்கு அதே கண்டக்டரைப் பார்த்தேனா, ஞாபகம் வந்துச்சு.

தவளை: நானா இருந்தா, "ஆமா சார், திருப்பிக் குடுக்கத்தான் போறேன், நீங்க வாங்கிக்கிறீங்களா"ன்னு கேட்டிருப்பேன்.

நண்டு: நீ கேப்ப. உடம்புல எல்லா மூட்டும் வீங்கினப்பக்கூட உன் வாய்க்கு மட்டும் ஒண்ணும் வரல.

தவளை: தாடைக்கும் மூட்டு இருக்குடி. வீங்கின மூட்டை எண்ணுற நம்ம கணக்கு அக்கா அதையும் விடாம அமுக்கிப் பார்த்துத்தானே எண்ணுறாங்க. "வாயைத் திற, மூடு, திற"ன்னு. போன தடவை "மூடு"ன்னு மட்டும் தனியா நாலு வாட்டி சொன்னாங்க.

நண்டு: நர்ஸுக்கும் பொறுமைன்னு ஒண்ணு உண்டுல்ல.

தவளை: சரி, நகரு. பெஞ்சுல எனக்கும் இடம் விடு. ஒண்ணு காட்டணும். முட்டியைப் பாரு.

நண்டு: ஐயோ... என்னடி இது? மறுபடி வீங்கிடுச்சா?

தவளை: வீக்கம் இல்லடி மண்டு. சிராய்ப்பு. தோல் பேந்திருக்கு பாரு. ரத்தம் வந்து காஞ்சிருக்கு பாரு. சைக்கிள்ல இருந்து விழுந்தேன்.

நண்டு: சைக்கிள்லயா...

தவளை: ஓட்டினேன்டி. பின்னாடி யாரும் பிடிக்கல. தெருமுனை வரைக்கும் போயிட்டேன். திரும்பத்தான் தெரியல. நேரா போயி ஒரு தண்ணி லாரியில மோதினேன்.

நண்டு: லாரியிலயா?

தவளை: நின்னுக்கிட்டிருந்த லாரிதான். டிரைவர் உள்ள தூங்கிக்கிட்டிருந்தாரு. எழுந்து வந்து முதல்ல லாரிக்கு அடிபட்டிருக்கான்னு பார்த்தாரு.

நண்டு: சிரிக்க வைக்காதடி... வயிறு வலிக்குது.

தவளை: வலிக்கட்டும். எனக்கு முட்டி எரியுது தெரியுமா? அது பழைய வலி இல்ல. சாதாரண வலி. தெருவுல ஓடி விளையாடுற பிள்ளைங்களுக்கெல்லாம் வருமே, அந்த வலி. இவ்வளவு வருஷம் எனக்கு வராத வலி.

நண்டு: உங்க அம்மா என்ன சொன்னாங்க?

தவளை: அழுதுக்கிட்டே திட்டினாங்க. அப்புறம் திட்டிக்கிட்டே சிரிச்சாங்க. அப்பா இன்னும் மோசம். முட்டியைப் போட்டோ எடுத்து மாமா, சித்தி, அத்தை எல்லாருக்கும் அனுப்பிட்டாரு. "எங்க பொண்ணு விழுந்துட்டா"ன்னு கீழ எழுதி. கல்யாணப் பத்திரிகை அனுப்புற மாதிரி.

நண்டு: போன வருஷம் இதே வராண்டாவுல உன்னைச் சக்கர நாற்காலியில தள்ளிக்கிட்டு வந்தாரு. நீ தூங்குற மாதிரி கண்ணை மூடிக்கிட்டு இருப்ப. யாரும் பரிதாபமாப் பார்க்கக் கூடாதுன்னு.

தவளை: அந்த நாற்காலியில இப்ப ஈரத்துணி காயுது.

நண்டு: எனக்கு இது போதும்டி.

தவளை: எது போதும்?

நண்டு: ஒண்ணுமில்ல. நீ லாரியில மோதினது போதும்னு சொன்னேன்.

தவளை: நீ எப்படி இருக்க?

நண்டு: நல்லா இருக்கேன்.

தவளை: எவ்வளவு நல்லா?

நண்டு: நல்லான்னா... நல்லாத்தான். அதுல என்ன எவ்வளவு.

தவளை: அப்ப இந்தத் தண்ணி பாட்டிலைத் திறந்து குடு.

நண்டு: உனக்குக் கை இல்லையா?

தவளை: சோம்பலா இருக்கு.

நண்டு: எனக்கும்தான்.

தவளை: தாகத்துல நாக்கு ஒட்டுதுடி.

நண்டு: அங்க குழாய் இருக்கு. போய்க் குடி. சைக்கிள் ஓட்டுற ஆளு நீ.

தவளை: கல்நெஞ்சக்காரி. சரி... லிஃப்ட்ல யாரைப் பார்த்தேன் தெரியுமா? எலி டாக்டரை.

நண்டு: எந்த எலி டாக்டர்?

தவளை: மேல் மாடி ஆய்வுக்கூடத்துல இருக்காங்களே. மூக்குக்கண்ணாடியைத் தலையில வச்சுக்கிட்டுக் கண்ணாடியைத் தேடுவாங்களே, அவங்கதான். நம்ம மருந்தைக் கண்டுபிடிச்சவங்க. நம்ம ரத்தத்தை வாங்கிட்டுப் போக ஐஸ் பெட்டியோட கீழ வந்திருந்தாங்க.

நண்டு: அவங்ககிட்டப் பேசினியா?

தவளை: விடுவேனா? "எங்க ரத்தத்துல என்ன இருக்குன்னு இப்படித் தூக்கிக்கிட்டுப் போறீங்க"ன்னு கேட்டேன். ஏதோ ஒரு புரதமாம். அது எல்லார் உடம்புலயும் இருக்கும், சளி, காய்ச்சல் வந்தா கொஞ்சம் கூடும், அப்புறம் தானா அடங்கிடும். நமக்கு மட்டும் அடங்காதாம். சும்மா இருக்குற மூட்டுல போயி உட்கார்ந்துக்கிட்டு வம்பு பண்ணுமாம்.

நண்டு: உன்னை மாதிரி.

தவளை: என்னை மாதிரியேதான். அதை எங்க பிடிச்சு நிறுத்துறதுன்னு எலிகிட்டப் பார்த்தாங்களாம். நாம பால்குடிச்சுக்கிட்டிருந்த காலத்துல ஆரம்பிச்ச வேலையாம்டி. எலிக்குச் சரியாச்சு, அப்புறம் பெரியவங்களுக்குக் குடுத்துப் பார்த்தாங்க, அப்புறம்தான் நமக்கு. இடையில பாதி வருஷம் எந்த அறையில எலி வைக்கிறதுங்கற சண்டையில போச்சாம்.

நண்டு: எலிக்கும் கால் வீங்குமா?

தவளை: குட்டிக் கால், குண்டா வீங்குமாம். நான் ஒண்ணு கேட்டேன். "எலி வாயைத் திறந்து சொல்லாதே, வலிக்குதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

நண்டு: நல்ல கேள்விதான்.

தவளை: மூஞ்சியைப் பார்ப்பாங்களாம். கண்ணைச் சுருக்கும், கன்னம் உப்பும், காது பின்னாடி போகும். அதுக்கு மார்க்கெல்லாம் போடுவாங்களாம். ஆனா ஆள் பக்கத்துல வந்துட்டா எலி வலியை மறைச்சிடுமாம். ஒண்ணுமே நடக்காத மாதிரி நிக்குமாம். பலவீனமான எலின்னு தெரிஞ்சா யாராவது தின்னுடுவாங்களேன்னு பயம்.

நண்டு: பாவம்.

தவளை: உன் காதைக் காட்டு.

நண்டு: எதுக்கு?

தவளை: பின்னாடி போயிருக்கு.

நண்டு: என் காது பிறந்ததுல இருந்து அங்கதான்டி இருக்கு.

தவளை: கண்ணும் சுருங்கியிருக்கு.

நண்டு: ஜன்னல் வெளிச்சம். நீ முதல்ல அந்தப் பக்கம் திரும்பு.

தவளை: கன்னம் மட்டும் உப்பல. அது சாப்பிட்டாத்தானே உப்பும். சரி, கை குடு. கைதட்டி ஒரு விளையாட்டு.

நண்டு: ஆஸ்பத்திரியில கை தட்டினா திட்டுவாங்க.

தவளை: மெதுவாத் தட்டலாம்.

நண்டு: வேண்டாம்டி... சின்னப் பிள்ளையா நாம.

தவளை: ஒத்தைக் கால்ல நிக்கிற போட்டி?

நண்டு: போடி. உனக்குக் கால் சரியானதுல மண்டை கழண்டு போச்சு.

தவளை: ஆமா, கழண்டு போச்சு. ஒத்துக்கிறேன். ஏன் தலையை விரிச்சுப் போட்டிருக்க?

நண்டு: ஸ்டைல்.

தவளை: நீயா? ஸ்டைலா? எண்ணெய் வழிய ரெட்டைப் பின்னல் போட்டு, ரிப்பனை மடிச்சுக் கட்டின ஆளு. பின்னல் போட விரல் வேணும்டி.

நண்டு: அம்மாவுக்கு நேரம் இல்ல, அதான்.

தவளை: இப்பத்தானே ஸ்டைல்னு சொன்ன.

நண்டு: ரெண்டும்தான்.

தவளை: சரி. கொஞ்ச நாளா ஏன் செய்தியெல்லாம் குரல்ல பேசிப் பேசி அனுப்புற?

நண்டு: உன் குரலைக் கேக்கணும்னு ஆசையா இருந்துச்சு.

தவளை: நீ பேசி அனுப்பினா உன் குரலை நான் கேக்குறேன். என் குரலை நீ எப்படிடி கேப்ப? கடையில போயி "உப்பு குடுங்க"ன்னு சொல்லவே கூச்சப்படுற ஆளு, எனக்கு மூச்சு வாங்கி மூச்சு வாங்கிப் பேசி அனுப்புது. ஒண்ணுல கடைசி வரைக்கும் வெறும் இருமல். முன்னாடி நீ பக்கம் பக்கமா எழுதி அனுப்புவ. விரல் மடங்கலைன்னாத்தான் ஒருத்தி இப்படிப் பேசுவா.

நண்டு: விரலுக்கு ஒண்ணுமில்ல.

தவளை: ஸ்கூல்ல திரும்பச் சேரப்போறேன்னு சொன்னியே. மூணாவது மாடி கிளாஸ்தான், ஏறிடுவேன், தலைமை டீச்சர் மூஞ்சியில கரியைப் பூசப்போறேன்னு. என்ன ஆச்சு?

நண்டு: அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன்.

தவளை: படி அதிகமாயிடுச்சா?

நண்டு: நீ என்ன போலீசா?

தவளை: கோபம் வருதே. நல்லது. மருந்து குலுக்கிப் போட்ட கதை ஞாபகம் இருக்கா?

நண்டு: அதை எதுக்கு இப்ப?

தவளை: சும்மா சொல்லு. யார் கேட்டாலும் நான்தான் சொல்றேன், இன்னிக்கு நீ சொல்லு.

நண்டு: முதல் நாலு மாசம் எல்லாருக்கும் நிஜ மருந்து. எல்லாரும் எழுந்து நடந்தோம். அப்புறம் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு, பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணி. யாருக்கு எதுன்னு நமக்கும் தெரியாது, கணக்கு அக்காவுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. போதுமா?

தவளை: பாதியிலயே நிறுத்திட்ட. யாருக்காவது வீக்கம் திரும்பி வந்தா?

நண்டு: உடனே நிஜ மருந்து குடுத்துடுவாங்க.

தவளை: அப்ப உனக்கு என்னடி பயம்?

நண்டு: அது உப்புத்தண்ணி வாங்கினவங்களுக்கு. எனக்குப் போறது மருந்துதான்.

தவளை: யார் சொன்னா?

நண்டு: யாரும் சொல்லல. ஊசி போட்டா எரியுது. மருந்து எரியும்.

தவளை: உப்புத்தண்ணி எரியாதா? புண்ணுல உப்பு பட்டா இனிக்குமா? நண்டுக்கு உப்புத்தண்ணி கிடைக்காம வேற யாருக்குக் கிடைக்கும்?

நண்டு: நண்டுன்னு பேர் வச்சதே நீதான்.

தவளை: படியில பக்கவாட்டுல இறங்குனா வேற என்ன பேர் வைக்கிறதாம்? இப்பவும் அப்படித்தான் இறங்குற. வாசல் படியில உன்னைப் பார்த்தேன். தூணுக்குப் பின்னாடி நின்னு பார்த்தேன். காலையில எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆகுது?

நண்டு: மெதுவாப் பேசு... கதவு திறந்திருக்கு.

தவளை: எவ்வளவு நேரம்?

நண்டு: வெந்நீர்ல கையைப் போட்டு, காலைப் போட்டு... அம்மா எழுந்திருக்கிறதுக்குள்ள முடிச்சிடுவேன்.

தவளை: அம்மாவுக்கும் தெரியாதா?

நண்டு: யாருக்கும் தெரியாது. நீயும் வாயை மூடு. இன்னிக்கு எண்ணுறதுதான் கடைசி. இதோட எல்லார் கணக்கையும் முடிச்சு அனுப்பிடுவாங்க. இன்னிக்கு ஒரு நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டா போதும்.

தவளை: எதுக்குப் போதும்? யாருக்குப் போதும்?

நண்டு: உனக்குத்தான்டி லூசு. இதுக்கு முன்னாடி ஒரு மருந்து குடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா? ரெண்டு மூணு பேருக்கு வேலை செய்யலைன்னு எல்லாருக்கும் நிறுத்துனாங்க. நல்லா இருந்தவங்களுக்கும் சேர்த்து. ஜன்னலோரக் கட்டில்ல ஒருத்தன் இருந்தானே, நடக்க ஆரம்பிச்சு, வார்டு முழுக்க எல்லார் செருப்பையும் ஒளிச்சு வச்சு விளையாடினானே... மறுபடி படுத்துட்டான்ல. மருந்து போட்டும் எனக்கு வலி வந்துடுச்சுன்னு சொன்னா, இதுவும் தோத்துப்போச்சுன்னு எழுதுவாங்க. கடையை மூடுவாங்க. ஈரத்துணியை எடுத்துட்டு அந்த நாற்காலியில உன்னை உட்கார வைப்பாங்க.

தவளை: அதுக்காகவா?

நண்டு: பின்ன எதுக்கு? எனக்கு மட்டும் வேண்டுதலா?

தவளை: ஐயோ கடவுளே. உன்னை மாதிரி ஒரு முட்டாளை எலி டாக்டர் கூண்டுல வச்சு ஆராய்ச்சி பண்ணணும்.

நண்டு: சிரிக்காதடி. நான் சீரியஸா சொல்றேன்.

தவளை: சிரிக்கலைன்னா அழுதுடுவேன், அதான். கேளு. லிஃப்ட்ல இன்னொண்ணும் கேட்டேன். "தண்ணி வாங்கின பொண்ணு ஒருத்தி வலியை மறைச்சு, நல்லா இருக்கேன்னு சொன்னா என்ன ஆகும்?"

நண்டு: என் பேரைச் சொன்னியா?

தவளை: சொல்லல. அவங்க மூஞ்சியை நீ பார்த்திருக்கணும். தலையில இருந்த கண்ணாடி தானா மூக்குக்கு வந்துடுச்சு. "அப்படின்னா தண்ணி வாங்கினவங்களும் நல்லா இருக்காங்க, மருந்து வாங்கினவங்களும் நல்லா இருக்காங்கன்னு கணக்கு வரும். தண்ணியும் மருந்தும் ஒண்ணுதான், இந்த மருந்தால ஒரு பிரயோஜனமும் இல்லன்னு முடிவு பண்ணிடுவாங்க"ன்னாங்க. புரியுதா? நீ வலிக்குதுன்னு சொன்னா மருந்து தோக்காது. நீ வலிக்கலைன்னு சொன்னாத்தான் தோக்கும். என்னைக் காப்பாத்துறேன்னு நீதான்டி கடைக்குப் பூட்டு வாங்கிட்டு வந்திருக்க.

நண்டு: இரு... இரு. மறுபடி சொல்லு.

தவளை: தண்ணி போட்ட நண்டுக்கு வலி. மருந்து போட்ட தவளைக்குச் சைக்கிள். இந்த ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்தாத்தான் மருந்து நிஜம்னு உலகம் நம்பும். தவளை மட்டும் தனியாத் தாவினா, தவளைன்னா தாவத்தான் செய்யும்னு போயிடுவாங்க.

நண்டு: இதையெல்லாம் அவங்களே சொன்னாங்களா?

தவளை: தவளை உதாரணம் நான் போட்டது. "யாராவது அப்படிச் செய்யுறாங்களா, உன் பேர் என்ன"ன்னு கேட்டாங்க. "தவளை"ன்னு சொல்லிட்டு, கதவு திறந்ததும் ஓடி வந்துட்டேன். ஓடினேன்டி. லிஃப்ட்ல இருந்து வெளிய வாசல் வரைக்கும்.

நண்டு: ஒருவேளை... எனக்குப் போனது நிஜமாவே மருந்தா இருந்தா?

தவளை: அப்பவும் சொல்லணும்.

நண்டு: அப்ப தோத்துப்போகுமே.

தவளை: உன் உடம்புல ஏன் வேலை செய்யலைன்னு தேடுவாங்க. உனக்குன்னு தனியா எலி வளர்ப்பாங்க. கூச்சப்படுற எலி.

நண்டு: உனக்கு மருந்தை நிறுத்திட்டா? சொல்லு. அப்ப உன் சைக்கிள்?

தவளை: அதை நேத்து ராத்திரி முழுக்க யோசிச்சேன். நிறுத்தினா நிறுத்தட்டும். கஷ்டமாத்தான் இருக்கும். அழுவேன், கத்துவேன், உன்னைத்தான் திட்டுவேன். ஆனா நீ கதவைச் சாத்திக்கிட்டு வெந்நீர்ல கையை ஊற வச்சுக்கிட்டு இருக்க, நான் தெருவுல மணி அடிச்சுக்கிட்டுப் போறதா? எனக்கு அப்படிப்பட்ட சைக்கிள் வேண்டாம்.

நண்டு: பெரிய மனுஷி மாதிரிப் பேசாத. உனக்குச் சேரல.

தவளை: எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருக்கு. கன்னம் வேற உப்புது.

நண்டு: நான் சொல்லமாட்டேன்டி. இவ்வளவு நாள் எல்லாரையும் ஏமாத்திட்டு, இப்ப எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு...

தவளை: இருக்குற மூஞ்சியை வச்சுக்கிட்டுத்தான். உன்கிட்ட வேற இருக்கா என்ன?

நண்டு: முடியாது. என்னால வாயைத் திறந்து சொல்ல முடியாது. தெரியும்ல உனக்கு.

கணக்கு அக்கா: நண்டு, உள்ள வா. நீதான் முதல் ஆளு. அட... தவளை, நீ இங்க என்ன பண்ற? உனக்கு நேத்தே எண்ணி முடிச்சாச்சே.

நண்டு: நேத்தேவா? உன்னையும் இன்னிக்குத்தான் வரச் சொல்லியிருக்காங்கன்னு சொன்னியே.

தவளை: அக்கா, வந்த வேகத்துல இப்படியா போட்டு உடைப்பீங்க?

கணக்கு அக்கா: நான் என்னத்தைக் கண்டேன்? நண்டு எப்பவும் மத்தியானம்தான் வருவா. நேத்து இவதான் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அவளை நாளைக்குக் காலையில முதல் ஆளாக் கூப்பிடுங்கக்கா, மத்தியானம் மட்டும் வேண்டாம்"னு ஒரே கெஞ்சல். காரணம் கேட்டா சொல்லல.

நண்டு: அப்ப என்னைக் காலையில வரச் சொன்னது... நீயா?

தவளை: மத்தியானம்னா வெந்நீர்ல ஊறி, வெயில்ல காஞ்சு, வளைஞ்சு குடுத்துடுவ. முன்னாடி வீங்கினப்ப நானும் அப்படி ஏமாத்தினவதானே. காலையிலதான் மூட்டுல விழுந்த பூட்டுத் திறக்காது. திட்டு. நல்லாத் திட்டிக்கோ.

கணக்கு அக்கா: என்னடி நடக்குது இங்க? வா நண்டு, ஊசியெல்லாம் இல்ல, எண்ணத்தான் போறேன்.

தவளை: அவ எழுந்திருக்கட்டும்க்கா. கை குடுக்காதீங்க. பெஞ்சைப் பிடிச்சுக்கிறா பாருங்க... ஏய், முறைக்கிறியா? ஏதாவது சொல்லிட்டுப் போடி. கோபமா? தவளைன்னு ஒரு வாட்டியாவது கூப்பிட்டுட்டுப் போ... சரி. சொல்லாத. நட.

கணக்கு அக்கா: என்ன இவ... காலை இப்படி இழுக்குறா? போன மாசம் நேரா நடந்தாளே.

தவளை: போன மாசம் நடிச்சாக்கா. ஒரு வார்த்தை பேசாம உள்ள போறா பாருங்க... எவ்வளவு அழகா நொண்டுறா.